ஊகம் என்னும் சொல்லும் நம் நாவும்

கம்பம் பள்ளத்தாக்கிலே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை ஒட்டிய ஊர் காமயகவுண்டன்பட்டி. கே.கே.பட்டி என்று சுருக்கி அழைப்பார்கள். திராட்சைப் பந்தல்கள் இவ்வூரின் அடையாளம். 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை விளையும் ஊர்களுள் இதுவும் ஒன்று. கவாத்து முடிந்து ஏறத்தாழ நான்கு மாதங்களில் குலைகள் கறுத்துத் தொங்கும்போது வியாபாரி தோட்டத்துக்கு வருவார். பந்தலின் கீழே குனிந்து நுழைந்து, இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை நடப்பார். இரண்டொரு குலைகளைக் கையில் ஏந்திப் பார்ப்பார். வெளியே வந்ததும் தோட்டக்காரர் கேட்பார்: "எவ்வளவு தேறும் பாய்?" விடை வரும்: "குத்துமதிப்பா நாலு டன் தேறும்ணே. கூடக்குறைய இருக்கும்."

இந்த விடையை வாசகர்கள் ஒரு கணம் உற்று நோக்க வேண்டுகிறோம். அதில் ஓர் எண் இருக்கிறது; அவ்வெண் உறுதியானதன்று என்னும் ஒப்புதலும் இருக்கிறது. 'குத்துமதிப்பு' என்னும் சொல்லே அந்த ஒப்புதல்தான். அதுவும் போதாதென்று 'கூடக்குறைய இருக்கும்' என ஒரு வேலியும் போடப்படுகிறது. உத்தேசம், தோராயம், கண்ணளவு என இந்தப் பள்ளத்தாக்கின் உழவரும் வணிகரும் வழங்கும் சொற்கள் யாவும் இத்தகையனவே. தாம் அறுதியான செய்தி அல்ல என்பதைத் தம் நெற்றியிலேயே எழுதிக்கொண்டு வரும் சொற்கள் இவை.

அதே மாலையில், அதே ஊரிலோ வேறெந்த ஊரிலோ, தேநீர்க் கடைப் பலகையில் அமர்ந்து ஒருவர் மற்றொருவரைப் பற்றிப் பேசுகிறார்: "அவனுக்கு இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது? எல்லாம் ஒரு யூகம்தான்." இங்கே அந்தச் சொல் ஒப்புதலாக வரவில்லை, தப்பிக்கும் வழியாக வருகிறது. பந்தலின் கீழ் நேர்மையாக ஒலித்த ஒரு பழக்கம், பலகையின் மேல் ஏன் இப்படித் திரிந்தது? இக்கேள்வியே இக்கட்டுரைக்குத் தூண்டுகோல்.

சொல்லின் வரலாறு

ஊகமா, யூகமா என்று எழுதுவோர் சிலர் தடுமாறுவதுண்டு. வடமொழியின் 'ஊஹம்' தமிழில் ஊகமாயிற்று. வழக்கில் யூகமென்றும் ஒலிக்கிறது. இரண்டையும் அகராதிகள் ஏற்றுள்ளன. ஆகவே எழுத்தைப் பற்றிய சண்டை நமக்கு வேண்டாம். பழந்தமிழில் இதே ஒலியுடைய வேறு சொற்களும் உண்டு. ஊகம் என்பது ஒருவகைப் புல். கருங்குரங்கையும் அது குறிக்கும். சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில், மதுரைக் கோட்டை மதிலின் பொறிகளை அடுக்கிச் சொல்லும் இளங்கோவடிகள், கருங்குரங்கு வடிவான ஒரு பொறியை இப்பெயராலேயே சுட்டுகிறார். நெருங்கியவரைப் பற்றிக் கடிக்கும் பொறி என்று உரைகாரர் விளக்குவர். இவை வேறு சொற்கள். நம் ஊகத்தோடு ஒலியால் மட்டுமே உறவுடையவை. ஆயினும் இன்று நாம் ஊகத்தை ஆளும் முறையைப் பார்க்கும்போது, அந்த மதிற்பொறி நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

தருக்க நூலார் கையில் ஊகம் மதிப்புடைய சொல். காரணங்களை ஆராய்ந்து, காணாத ஒன்றைக் கருதி அறிதலே அதன் பொருள். புகையைக் கண்டு நெருப்பை அறிவது கருதல் அளவை என்பதை மணிமேகலையும் விளக்கிச் சொல்கிறது. தூய தமிழில் இதனை உய்த்துணர்தல் என்பர். நன்னூலார் கூறும் முப்பத்திரண்டு உத்திகளுள் உய்த்துணர வைத்தலும் ஒன்றாகும். ஆக, ஊகம் என்பது காரணத்தின் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பது. காரணத்தின் கையை உதறிவிட்டு ஓடுவதற்கும் இன்று நாம் அதே பெயரை வழங்குகிறோம். இதுவே நம் முதற் குறை.

இலக்கணம் கற்பித்த அறம்

ஐயத்தை ஐயமாகவே சொல்வதற்குத் தமிழ் இலக்கணம் வழி வகுத்திருக்கிறது. 'கொல்' என்னும் இடைச்சொல் ஐயப் பொருளது என்று இடையியலில் விதிக்கிறார் தொல்காப்பியர். காமத்துப்பாலின் முதற் குறளிலேயே, எதிரே நிற்பவள் யார் என்று திகைக்கும் தலைவனின் நாவில் வள்ளுவர் அச்சொல்லை வைத்திருக்கிறார். கிளவியாக்கத்தில் இன்னும் நுண்ணிய விதி ஒன்று உண்டு. ஒரு பொருள் ஆணா பெண்ணா, உயர்திணையா அஃறிணையா என்று துணிய முடியாதபோது, துணிந்ததுபோல் பெயரிட்டுக் கூறலாகாது. இரண்டுக்கும் பொதுவான சொல்லாலேயே கூற வேண்டும். தொலைவில் நிற்பது மரக்கட்டையோ மனிதனோ என்று தெரியாதபோது, 'தோன்றுகின்ற உரு' என்று சொல்லுமாறு உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுத் தருகின்றனர்.

இதனை வெறும் இலக்கண விதி என்று கடந்துபோக நமக்கு மனமில்லை. தெரியாத ஒன்றுக்குத் தெரிந்ததுபோல் பெயர் சூட்டாதே என்பது நாவுக்கு இடப்பட்ட கடிவாளம். பேச்சு வழக்கிலும் இதன் எச்சம் இருக்கிறது. 'வந்தான்' என்பது கண்டவன் சொல். 'வந்தானாம்' என்பது கேட்டவன் சொல். ஓர் 'ஆம்' சேர்த்தால் போதும், சொல்பவனின் பொறுப்பு எதுவரை என்பது விளங்கிவிடும். நம் வீட்டுப் பாட்டிமார் இந்த வேறுபாட்டைத் தவறவிட்டதில்லை. பேச்சு கைமாறும்போதுதான் 'ஆம்' உதிர்கிறது. முதல் வீட்டில் 'போனானாம்'. மூன்றாம் வீட்டில் 'போனான்'. ஐந்தாம் வீட்டில் 'நானே பார்த்தேன்'.

'ழன்னு' என்னும் திருமறைச் சொல்

ஊகத்துக்கு நேராகத் திருமறையில் வரும் சொற்களுள் முதன்மையானது 'ழன்னு'. லுஹர் தொழுகையின் பெயரில் முதலாவதாக நிற்கும் அதே அரபு எழுத்துத்தான் இதற்கும் முதல். தமிழில் ஒரே சொல்லால் இதனைப் பெயர்த்துவிட முயல்வோர் இடர்ப்படுவர். ஏனெனில் இடத்துக்கு இடம் இதன் பொருள் வேறுபடுகிறது. தம் இறைவனைச் சந்திப்போம் என்று உள்ளச்சமுடையோர் கருதுவதை அல்பகரா அத்தியாயம் (2:46) இச்சொல்லாலேயே குறிக்கிறது. அங்கே பொருள் உறுதியான நம்பிக்கை என்பர் விரிவுரையாளர். வானவர்களுக்குப் பெண் பெயர் சூட்டியோரைக் கண்டிக்குமிடத்து, உண்மைக்கு முன்னே ழன்னு எப்பயனும் தராது என்கிறது அந்நஜ்மு அத்தியாயம் (53:28). அங்கே பொருள் ஆதாரமற்ற கற்பனை. அல்ஹுஜுராத் அத்தியாயத்திலோ (49:12) அது பிறர்மீது கொள்ளும் தீய எண்ணம்.

மூன்றையும் 'யூகம்' என்றே எழுதிச் செல்லும் மொழிபெயர்ப்பு, இறையச்சமுடையோரின் உறுதியைத் தேநீர்க் கடைப் பேச்சோடு ஒரே வரிசையில் நிறுத்திவிடும். முறையே உறுதி, வெறுங்கற்பனை, தீய எண்ணம் எனப் பிரித்துப் பெயர்ப்பதே தக்கது என்பது நம் கருத்து.

ஹுஜுராத்தின் அந்த வசனத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. தவிர்க்கச் சொல்வது எண்ணங்களில் பெரும்பாலானவற்றை. பாவம் என்று சொல்வதோ அவற்றுள் சிலவற்றை மட்டுமே. சில மட்டுமே பாவமென்றால் பலவற்றை ஏன் தவிர்க்க வேண்டும்? பாவமான சில எவை என்று நமக்குப் பிரித்தறிய இயலாது. ஆகவே பலவற்றிலிருந்தும் விலகுவதே காப்பு. எண்ணத்தைத் தொடர்ந்து துருவி ஆராய்தலையும், அதனைத் தொடர்ந்து புறம் பேசுதலையும் அதே வசனம் தடுக்கிறது. இவை மூன்றும் ஒரே ஏணியின் படிகள். முதற்படியில் கால் வைத்தவன் மூன்றாம் படிக்கு ஏறாமல் நிற்பது அரிது.

சட்டநூல் வல்லார் அறிவின் நிலையை நான்காக வகுத்தனர். ஐயத்துக்கு இடமில்லாதது யகீன். ஒரு பக்கம் கனத்து நிற்பது ழன்னு. இரு பக்கமும் சமமாய் நிற்பது ஷக்கு. இலேசான மறுபக்கம் வஹ்மு. உறுதி ஐயத்தால் நீங்காது என்பது அவர்கள் கண்ட அடிப்படை விதி. இதனை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவர்: ஒளு செய்தவன், முறிந்ததோ என்று ஐயுற்ற மாத்திரத்தில் அவனுடைய ஒளு முறிந்துவிடாது. நம் ஒளுவை முறிக்க வலிமையற்ற ஐயம், அயல்வீட்டானின் மானத்தை மட்டும் எப்படி முறித்துவிடுகிறது?

பந்தலின் கீழே ஒரு பாடம்

ஊகமே கூடாதா? கூடும். அதற்கான முறையும் நம் மரபிலேயே இருக்கிறது. 'கர்ஸ்' என்பது அதன் பெயர். கடனைக் குறிக்கும் கர்ள் என்பது வேறு. மரத்திலும் கொடியிலும் இருக்கும் கனியைக் கண்ணால் மதிப்பிடுவதே கர்ஸ். வியப்பு என்னவெனில், ஆதாரமின்றிப் பேசுவோரைக் கண்டிக்கையில் திருமறை இதே வேர்ச்சொல்லையும் ஆள்கிறது (6:116, 51:10). நம்பிக்கையின் பெயரால் செய்தால் கண்டனத்துக்குரியது, தோப்பில் முறைப்படி செய்தால் அனுமதிக்கப்பட்டதாகிறது.

ஹிஜ்ரி 7ஆம் ஆண்டு கைபர் வெற்றிக்குப் பின், அங்குள்ள யூதர்கள் விளைச்சலில் பாதி தருவதென்று உடன்பட்டுத் தம் நிலங்களிலேயே இருந்தனர். பழத்தை மதிப்பிடப் பெருமானார் (ஸல்) அவர்கள் அப்துல்லாஹ் இப்னு ரவாஹா (ரலி) அவர்களை அனுப்புவார்கள். மதிப்பைக் குறைத்துச் சொல்லுமாறு அம்மக்கள் தம் பெண்டிரின் அணிகலன்களைத் திரட்டிக் கையூட்டாக நீட்டினர். அவர் அதனை மறுத்தார். தமக்கு அவர்கள்மீது எத்தனை வெறுப்பு இருந்தாலும் அது தம்மை அநீதிக்குத் தூண்டாது என்றார். மதிப்பிட்டபின், இந்த மதிப்புக்கு நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், விருப்பமில்லையேல் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம் என்பார். இத்தகைய நீதியால்தான் வானமும் பூமியும் நிலைபெற்றுள்ளன என்று அம்மக்களே சொன்னதாக இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் காண்கிறோம்.

ஈச்சங்கனியைப் போலவே திராட்சையையும் மதிப்பிடும்படி ஏவப்பட்டதாக அபூதாவூது, திர்மிதி தொகுப்புகளில் ஹதீது உண்டு. மதிப்பிடும்போது மூன்றில் ஒரு பங்கையோ, குறைந்தது நான்கில் ஒரு பங்கையோ உடையவருக்கென விட்டுவிடச் சொல்லும் ஹதீதும் உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் இம்முறைக்கு இடமிருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கு முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபிலோ, இத்தகைய மதிப்பீடு கட்டுப்படுத்தும் தீர்ப்பாகாது. இவ்வேறுபாடும் நமக்குப் பாடமே. மரத்துக் கனியைப் பற்றிய ஊகத்துக்கே இத்தனை ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள் நம் இமாம்கள்.

இவற்றிலிருந்து நேரிய ஊகத்துக்கு மூன்று அடையாளங்களை நாம் காண்கிறோம். முதலாவது, அது சரிபார்க்கத் தக்க பொருளைப் பற்றியது. இன்று மதிப்பிட்டதை நாளை தராசு சொல்லிவிடும். இரண்டாவது, ஊகித்தவனே அதற்கு ஈடு நிற்கிறான். தவறினால் இழப்பு அவனையும் தொடும். மூன்றாவது, ஐயம் வரும் பகுதியை மற்றவர் பக்கமாக விட்டுக்கொடுக்கிறான். காமயகவுண்டன்பட்டிப் பந்தலின் கீழ் 'கூடக்குறைய இருக்கும்' என்று சொல்லி முன்பணம் கொடுக்கும் வியாபாரியிடம் முதலிரண்டும் இருக்கின்றன. மூன்றாவதும் இருக்குமாயின் அவர் இறைநேசத்துக்கு உரியவர்.

இந்த அளவுகோலை மலைமேல் விளையும் ஏலக்காய்க்கும் வைத்துப் பார்க்கலாம். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் வரை போயிற்று. பின்னர் விலை சரிந்தபோது, இன்னும் ஏறும் என்று சரக்கைப் பதுக்கி வைத்தோர் கையைப் பிசைந்தனர். கனி பக்குவப்படுவது வெளிப்படும்வரை அதனை விற்க வேண்டாமென்று பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்ததன் கருத்து இங்கே புலனாகும். உத்தேசம் சொல்பவன் பண்டத்தைப் பார்த்துப் பேசுகிறான். ஊக வணிகனோ பண்டத்தைப் பாராமல் பிறருடைய ஆசையையும் அச்சத்தையும் பார்த்துப் பேசுகிறான்.

நெஞ்சுக்குத் தராசு இல்லை

மனிதரைப் பற்றிய ஊகத்துக்கு வருவோம். அங்கே மேற்சொன்ன மூன்றில் ஒன்றும் இல்லை. நெஞ்சை நிறுக்கத் தராசு கிடையாது. ஊகித்தவனுக்கு இழப்பு கிடையாது. ஊகிக்கப்பட்டவனே விலை கொடுக்கிறான். ஐயத்தின் பயனையும் அவனுக்கு யாரும் தருவதில்லை.

2018 மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த பகுதியில், குலதெய்வக் கோயிலுக்குச் சென்ற ஒரு குடும்பத்தினர் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தனர். பிள்ளை பிடிப்பவர்கள் என்னும் வதந்தி கைப்பேசிகளில் உலவிய காலம் அது. ஊரார் திரண்டு அடித்ததில் அறுபது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் மாண்டார். ஒரு குழந்தைக்கு இனிப்பு நீட்டிய கைக்கு ஊகம் சூட்டிய பெயர் அது.

2020 மார்ச்சு இறுதியில், தில்லி நிஜாமுத்தீன் மர்கஸில் கூடியவர்களிடையே கொரோனா கண்டறியப்பட்டபோது நம் சமுதாயம் அனுபவித்ததை விரித்துரைக்கத் தேவையில்லை. நோயுற்றவர் நோயைப் பரப்ப வந்தவர் என்று பேசப்பட்டார். வீதியில் பழம் விற்றவரும் ஐயத்துக்கு ஆளானார். அவ்வாண்டு ஆகஸ்டில் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, வெளிநாட்டு ஜமாஅத்தினர்மீது தொடுக்கப்பட்ட வழக்குகளை நீக்கி, அவர்கள் பலிகடாக்களாக ஆக்கப்பட்டனர் என்னும் கருத்தை வெளியிட்டது. நோயை அறிவியல் அளந்தது; நீதிமன்றம் சான்றை அளந்தது. இடையில் ஊகம் செய்த காயத்தை அளந்தவர் யார்?

இத்துன்பத்தைச் சுவைத்த நாம் பிறருக்கு அதனைப் பரிமாறலாமா என்பதே இக்கட்டுரையின் மையம். ஒரு நிக்காஹ் பேச்சு நின்றுபோனால், பெண்ணைப் பற்றி மொஹல்லாவில் பத்துக் காரணங்கள் பிறக்கின்றன. 'ஏதோ இருக்கும் போலிருக்கிறது' என்பதே அவற்றுள் கொடியது. அதில் குற்றச்சாட்டே இல்லை. ஆகவே அதனை மறுக்கவும் வழியில்லை. தொழுகைக்கு வராதவனை வழிதவறியவன் என்கிறோம். வருபவனை நடிக்கிறான் என்கிறோம். போர்க்களத்தில் கலிமாவை மொழிந்த ஒருவரை, உயிருக்கு அஞ்சி மொழிந்தார் என்று ஊகித்து வெட்டிவிட்ட உஸாமா (ரலி) அவர்களிடம், அவருடைய நெஞ்சைப் பிளந்து பார்த்தீரா என்னும் பொருள்படப் பெருமானார் (ஸல்) அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டதை ஸஹீஹ் முஸ்லிமில் படிக்கிறோம். அக்கேள்வியைக் கேட்டபின், அந்த நாளில்தான் தாம் இஸ்லாத்தில் இணைந்திருக்கலாகாதா என்று உஸாமா (ரலி) ஏங்கினார்கள். நாமோ நாளுக்கு நான்கு நெஞ்சங்களைப் பிளந்துவிட்டு நிம்மதியாக உறங்குகிறோம்.

விசாரியாமல் எப்படிச் சம்பந்தம் செய்வது என்று பெற்றோர் கேட்கலாம். நியாயமான கேள்வி. விசாரணை வேறு, ஊகம் வேறு. தம்மை மணம் பேசிய இருவரைப் பற்றி ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) ஆலோசனை கேட்டபோது, ஒருவரின் வறுமையையும் மற்றவரின் கடுமையையும் பெருமானார் (ஸல்) அவர்கள் மறைக்கவில்லை. கேட்க உரிமையுள்ளவர் கேட்டார். அறிந்தவர் அறிந்ததைச் சொன்னார். செய்தி வந்தால் தெளிவாக விசாரியுங்கள் என்பது ஹுஜுராத்தின் கட்டளை (49:6). வள்ளுவரும் 510ஆம் குறளில் இருபக்கமும் எச்சரிக்கிறார்: ஆராயாமல் நம்புவதும், ஆராய்ந்து நம்பியவனை ஐயுறுவதும் ஓயாத துன்பம் தருவன.

ஓர் இல்லத்தின் உரையாடல்

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள்மீது அவதூறு பரவிய நாளில், மதீனாவின் ஓர் இல்லத்தில் கணவரும் மனைவியும் பேசிக்கொண்டதை இப்னு இஸ்ஹாக் பதிவு செய்திருக்கிறார். மக்கள் பேசுவதைக் கேட்டீர்களா என்றார் மனைவி உம்மு அய்யூப். கேட்டேன், அது பொய் என்றார் அபூ அய்யூப் அல்அன்ஸாரி (ரலி). நீ அப்படிச் செய்வாயா என்று மனைவியைக் கேட்டார். அல்லாஹ்வின்மீது ஆணையாக மாட்டேன் என்றார் அவர். ஆயிஷா உன்னிலும் சிறந்தவரன்றோ என்று முடித்தார் கணவர்.

அன்னூர் அத்தியாயத்தின் வசனம் (24:12) கேட்பதும் இதையேதான்: அச்செய்தியைக் கேட்டபோது நம்பிக்கையாளர்கள் தம்மவரைப் பற்றி நல்லதையே எண்ணியிருக்க வேண்டாமா? இங்கும் 'எண்ணுதல்' என்பதற்கு வரும் சொல் ழன்னுதான்! தீய எண்ணத்துக்குரிய அதே சொல் நல்லெண்ணத்துக்கும் உரியதாகிறது. ஆதாரம் எப்பக்கமும் இல்லாதபோது மனம் ஒரு பக்கம் சாய்ந்தே தீரும்; நல்ல பக்கம் சாயட்டும் என்கிறது மறை. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை உடையவருக்கு விட்டுக்கொடுத்தது கனிக்கு. இங்கே விட்டுக்கொடுப்பது மானத்துக்கு.

ஆகவே எழுதுவோர்க்கும் பேசுவோர்க்கும் நம் வேண்டுகோள் இது. பண்டத்தைப் பற்றிச் சொல்கையில் உத்தேசம், மதிப்பு என்னும் நல்ல சொற்கள் இருக்கின்றன, அவற்றை வழங்குவோம். காரணம் காட்ட முடிந்தால் மட்டும் ஊகம் என்போம். காரணத்தையும் உடன் சொல்வோம். காரணமின்றிப் பிறர்மேல் எழுவதை ஊகம் என்று அழகுபடுத்தாமல், தீய எண்ணம் என்று அதன் சொந்தப் பெயராலேயே அழைப்போம். அப்பெயரைச் சூட்டியபின் அதனை வாய்விட்டுச் சொல்ல நாணம் வரும். கேட்ட செய்தியிலிருந்து 'ஆம்' உதிராமல் பார்த்துக்கொள்வோம். இயன்றால் அச்செய்தியை நம் வீட்டோடு நிறுத்திக்கொள்வோம்; அபூ அய்யூப் (ரலி) அவர்களின் இல்லத்தில் அது அப்படித்தான் நின்றது.

நம் நாவையும் நெஞ்சையும் அல்லாஹ் காத்தருள்வானாக, ஆமீன்.